அளவுச் சாப்பாடு

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே புறப்பட்டால் முத்தியால்பேட்டை முடிந்ததும் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு வந்துவிடும். சின்னமுதலியார்சாவடி, பெரியமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று விழுப்புரம் மாவட்டம் சில கிலோமீட்டர் நீளும். பிள்ளைச்சாவடியில் மறுபடி புதுச்சேரி. காலாப்பட்டைத் தாண்டிச் சற்றுப் போனால் மறுபடி தமிழ்நாடு. இரு புறமும் ஒரே கடல், ஒரே செம்மண், ஒரே குழம்பு. எல்லை மாறியது மதுக்கடைப் பலகைகளைப் பார்த்தால்தான் தெரியும்.

2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷனும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் வெளிவந்தன. இருபது வயதைக் கடந்தவர்களில் புதுச்சேரியில் 26.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு, தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். நாட்டின் சராசரி 11.4. புதுச்சேரி பெரும்பாலும் நகரம். தமிழ்நாட்டின் கணக்கில் கிராமங்களும் சரிபாதிக்குச் சேர்கின்றன. வித்தியாசத்துக்கு அது ஒரு முக்கியக் காரணம். பொம்மையார்பாளையம் ஆவணப்படி தமிழ்நாடு. நடைமுறையில் புதுச்சேரியின் ஓரம். இரண்டு எண்களுக்கும் நடுவில் எங்கோ இருக்கலாம்.

ஒரு தலைமுறைக்கு முன் இப்படிப்பட்ட எண்ணை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். 1989இல் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையிலும் அதை அடுத்த கிராமங்களிலும் எடுத்த கணக்கில் நகரத்தில் 8.2 சதவீதம், கிராமத்தில் 2.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது. பணக்கார வியாதி என்று அன்று சொன்னது பழிச்சொல் அல்ல, ஏறக்குறைய நிலவரம். 2003இல் அதே குழு மறுபடி கிராமத்துக்குப் போனபோது 2.4 என்பது 6.3 ஆகியிருந்தது. பதினான்கு ஆண்டுகளில் இரண்டரை மடங்கு. இடைப்பட்ட காலத்தில் அந்த மக்களின் பரம்பரை மாறவில்லை. சோறும் வேலையும் மாறின.

அந்தக் காலத்துச் சாப்பாட்டைப் பேசும்போது பெரியவர்களின் குரலில் ஒரு பெருமை ஏறும். கம்பங்கூழ், கேழ்வரகுக் களி, வரகரிசிச் சோறு, தொட்டுக்கொள்ளக் கருவாடு, கடித்துக்கொள்ள வெங்காயம். பொம்மையார்பாளையத்துக்கு மேற்கே ஏறும் செம்மண் மேடு மானாவாரி பூமி. வரகும் கம்பும் மல்லாட்டை என்னும் நிலக்கடலையும் விளைந்தன. சவுக்கும் முந்திரியும் நின்றன. கிழக்கே கடல் கவலையும் காரப்பொடியும் காணாங்கத்தையும் கொடுத்தது. வஞ்சிரம் போன்ற விலை மீன் விற்பனைக்குப் போகும். பொடி மீன் சட்டிக்கு வரும். அரிசிச் சோறு பொங்கலுக்கு, தீபாவளிக்கு, விருந்தாளி வந்தால்.

இந்தப் பட்டியலை இன்று ஒரு உணவியல் நிபுணரிடம் காட்டினால் தலையசைத்துப் பாராட்டுவார். ஆனால் அன்று அதை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அரிசி கிடைக்காததால் கம்பு. விலை மீனைத் தின்னக் கட்டாததால் பொடி மீன். மறுசோறு இல்லாததால் அளவுச் சோறு. ஆவணி, ஐப்பசி என்று சில மாதங்களில் அதுவும் இல்லை. ஆடியில் அம்மன் கோயிலில் ஊற்றும் கூழுக்குச் சொம்போடு நின்ற பிள்ளைகளில் பக்திக்காக வந்தவர்களைவிடப் பசிக்காக வந்தவர்கள் அதிகம். நோய் குறைவாக இருந்ததற்குப் பின்னால் இந்த வறுமையும் இருந்தது. அதை விட்டுவிட்டுக் கூழை மட்டும் கொண்டாடுவது பாதிக் கணக்கு.

மீதிக் கணக்கு அரிசி வந்த கதை. 1967இல் அண்ணா ஆட்சியில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. 2006இல் நியாயவிலைக் கடை அரிசி கிலோ இரண்டு ரூபாய். 2008 செப்டம்பரில் ஒரு ரூபாய். 2011 ஜூனிலிருந்து இலவசம். அரிசி அட்டைக்கு மாதம் இருபது கிலோ என்பது நான்கு பேர் வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 167 கிராம் வரும். அதன் மேல் கடையில் வாங்கும் பொன்னி தனி. பட்டினி என்ற சொல்லே பேச்சிலிருந்து போய்விட்டது. கூழுக்கு நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் மூன்று வேளையும் வெள்ளைச் சோறும் இட்லியும் தோசையும் சாப்பிடுகிறார்கள். தமிழ்நாடு தன் மக்களுக்குச் செய்த பெரிய காரியங்களில் இது ஒன்று. அதில் சந்தேகம் வைக்க வேண்டியதில்லை.

அன்று உரலில் குத்திய அரிசியில் தவிடு கொஞ்சம் ஒட்டியிருக்கும். இன்று ஆலையில் தீட்டிய அரிசி பளிச்சென்று வருகிறது. தவிடு போனால் நாரும் போகும். மாவுச்சத்து சீக்கிரம் செரித்து ரத்தத்தில் சர்க்கரையாக ஏறும். அதிக எடையுள்ள பதினைந்து பேரை வைத்துச் சென்னையில் செய்து 2014இல் வெளியிட்ட சோதனையில், வெள்ளை அரிசிக்குப் பதில் தீட்டாத அரிசி கொடுத்தபோது நாள் முழுவதுமான சர்க்கரை ஏற்றம் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தது. பயறு வகையும் சேர்த்தபோது 23 சதவீதம். சிறிய சோதனைதான், ஆனால் உரலுக்கும் ஆலைக்கும் நடுவே எது கழிந்தது என்பதை எண்ணாகச் சொல்கிறது.

சோற்றைவிட அதிகம் மாறியது உடம்பின் வேலை. அன்று கட்டுமரம். கடலில் இருந்து வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களை ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கி மணலில் காயப் போட வேண்டும். மறுநாள் விடியுமுன் மறுபடி கட்ட வேண்டும். துடுப்பு போடுவதும் பாய் இழுப்பதும் கை பலம். கரைவலை இழுத்தால் இரு பக்கமும் வரிசையாக ஆட்கள் நின்று மணிக்கணக்கில் பின்னோக்கி நடப்பார்கள். பெண்கள் மீன்கூடையைத் தலையில் வைத்து மேட்டுக் கிராமங்களுக்கு ஏறிப் போய், வெயில் சாய்ந்த பின் இறங்கி வருவார்கள். இன்று பைபர் படகு, அதில் மோட்டார். 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாக வந்த பைபர் படகுகள் இந்தக் கரை முழுவதும் கட்டுமரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. வலையை ஏற்ற டிராக்டர் உண்டு. கூடை, ஷேர் ஆட்டோவில் போகிறது.

உடம்பு வலி குறைந்தது, உயிர்ச்சேதமும் குறைந்தது. கட்டுமரத்தில் போன கணவன் இருட்டியும் வராமல் கரையில் நின்றவர்கள் யாரும் அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று கேட்க மாட்டார்கள். ஆனால் அன்று ஒரு சொம்புக் கூழ் முற்பகலுக்குள் எரிந்து தீர்ந்தது. இன்று அதைவிடக் கூடுதலான சோறு எரியாமல் வயிற்றைச் சுற்றித் தங்குகிறது.

நடப்பதற்கு இருந்த மணலும் போய்க்கொண்டிருக்கிறது. புதுச்சேரியில் எண்பதுகளின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்தது. அதற்கு வடக்கே உள்ள குப்பங்களில் கடல் ஊருக்குள் வந்தது. வீடுகள் விழுந்தன, படகு நிறுத்தவே இடம் தேட வேண்டியதாயிற்று. அரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு கேட்டு மறியல் செய்வது இந்தப் பகுதிச் செய்திகளில் அடிக்கடி வரும். தினமும் அரை மணி நேரம் நடங்கள் என்று மருத்துவர் சொல்கிறார். கடல் அரித்த கரையில் பாறாங்கல் கொட்டியிருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்கள் பறக்கின்றன. நடக்கும் இடம் எது என்பதே பொம்மையார்பாளையத்தில் ஒரு கேள்வி.

நோயைக் கண்டுபிடிக்கும் விதமும் வேறு காலத்துக்கு வந்துவிட்டது. அன்று சிறுநீரில் எறும்பு மொய்த்தால் சந்தேகம் வரும். ஆஸ்பத்திரிக்குப் போனால் பெனடிக்ட் கரைசலில் சில சொட்டுச் சிறுநீரை விட்டுக் காய்ச்சுவார்கள். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று மாறிச் செங்கல் நிறம் வந்தால் மிக அதிகம். நோயாளி தன் நோயை நிறமாகப் பார்த்த காலம் அது. இந்தியாவின் முதல் நீரிழிவுப் பிரிவை மருத்துவர் எம். விஸ்வநாதன் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948இல் தொடங்கினார். 1954இல் ராயபுரத்தில் தனி மருத்துவமனையே வந்தது. அன்றைய தென்னாற்காட்டு மாவட்டத்தின் இந்தக் கடற்கரையிலிருந்து ராயபுரம் வெகு தூரம். புண் ஆறாமல் கால் அழுகிய பிறகுதான் பலருக்கும் நோய் இருந்ததே தெரிந்தது.

இன்று விரல் நுனியில் ஒரு துளி ரத்தம், சில வினாடியில் எண். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. 2.4 சதவீதம் என்ற பழைய எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் இடையே இதையும் நினைவில் வைக்க வேண்டும்: அன்று பலர் கணக்கில் வராமலே செத்தார்கள், இன்று கணக்கில் இருந்துகொண்டு பல ஆண்டு வாழ்கிறார்கள்.

மருந்து வாசலுக்கு வந்துவிட்டது. சாப்பாட்டு யோசனைதான் இன்னும் வழி தெரியாமல் நிற்கிறது. குப்பத்து வீடு எதிலும் இப்படி ஒரு பேச்சைக் கேட்கலாம். திட்டத்துப் பெண் எண்ணைப் பார்த்துவிட்டு, "ஆயா, காலையில என்னா சாப்ட்டீங்க?" என்பார். "ஒண்ணுமில்லம்மா, வெறும் கூழுதான். கம்பு சுகருக்கு நல்லதுன்னு டிவியில சொன்னாங்களே." "எவ்ளோ குடிச்சீங்க?" ஆயா திண்ணையில் இருக்கும் எவர்சில்வர் சொம்பைக் கண்ணால் காட்டுவார். "ராத்திரிக்கு?" "சோறு கொஞ்சூண்டு." கொஞ்சூண்டு எவ்வளவு என்று கேட்டால் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் குவித்துக் காட்டுவார். இயந்திரத்தில் இருநூற்று எண்பதைத் தாண்டி நிற்கும்.

ஆயாவிடம் பொய் இல்லை. அவர் தாய் குடித்த அதே கூழ். ஆனால் தாய் குடித்துவிட்டுக் கூடையோடு மேடேறினார். மகள் குடித்துவிட்டுத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கிறார். அன்று கம்பைக் கல்லில் உடைத்தார்கள். இன்று மில்லில் நைசாக அரைத்த மாவு. தானியம் எதுவானாலும் நைசாக அரைத்துக் கரைய வேகவைத்தால் சர்க்கரை சீக்கிரம்தான் ஏறும். சிறுதானியத்தின் நன்மை அதை முழுசாக, அளவாக, பயறோடும் காயோடும் சாப்பிடும்போது. சொம்பு சொம்பாகக் குடிக்கும்போது அல்ல.

மருத்துவர்களின் அறிவுரையும் ஒரே இடத்தில் நின்றதில்லை. இன்சுலின் கண்டறியப்பட்ட 1921க்கு முன் பட்டினி போடுவதுதான் சிகிச்சை. பிறகு மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைக்கும் காலம். பின்னர் இந்தியச் சாப்பாட்டுக்கு ஏற்றபடி மாவுச்சத்தும் நாரும் நிறைந்த உணவை விஸ்வநாதன் முன்வைத்தார். உலகமும் அந்தப் பக்கம் திரும்பியது. அது நாரோடு கூடிய மாவுச்சத்து. ஆலை அரிசி வந்தபின் நார் கழன்று மாவுச்சத்து மட்டும் தட்டில் நின்றது. எண்பது, தொண்ணூறுகளில் கிளினிக்கில் கொடுத்த அச்சுத்தாள் பலருக்கு நினைவிருக்கும்: காலை மூன்று இட்லி, மதியம் ஒரு கப் சோறு, இரவு சப்பாத்தி; மண்ணுக்குக் கீழே விளைவது கூடாது; இனிப்பு அறவே கூடாது. சப்பாத்தி என்றதும் வீடு நிம்மதியடைந்தது. சோற்றுக்குப் பதில் நான்கு சப்பாத்தி உள்ளே போனது. சலித்த கோதுமை மாவும் மாவுச்சத்துதான் என்று அந்தத் தாளில் இல்லை.

இன்று தாள் போய்க் கைப்பேசி வந்திருக்கிறது. அதில் எல்லாம் உண்டு: பேலியோ, கீட்டோ, பதினாறு மணி நேர விரதம், சிறுதானியம், ஓட்ஸ், வெந்தயத் தண்ணீர். அன்று தேர்வு இல்லை. இன்று தேர்வுக்குப் பஞ்சமில்லை. எடை குறைப்பதன் பயனுக்கு வலுவான சான்று உண்டு. பிரிட்டனில் 2017இல் வெளியான ஆய்வில், ஒரு நாளைக்கு 850 கலோரி அளவுக்குக் குறைத்த நீர்ம உணவில் சில மாதம் இருந்து எடை குறைத்தவர்களில் 46 சதவீதம் பேர் ஓராண்டு முடிவில் மாத்திரை இல்லாமலே நீரிழிவிலிருந்து விடுபட்டிருந்தார்கள். பதினைந்து கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம். நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்கள், மருத்துவக் கண்காணிப்பில் இருந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுகரைத் தாழ்த்தும் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் யாரையும் கேட்காமல் சோற்றை நிறுத்தினாலோ விரதம் இருந்தாலோ லோ சுகரில் மயங்கி விழ வாய்ப்புண்டு. அரிசி மூட்டையைக் குறைப்பதற்கு முன் மாத்திரைச் சீட்டைக் காட்டுவது அவசியம்.

நம் உடம்பின் கணக்கு வேறு என்பதும் இப்போது தெரிகிறது. பி.எம்.ஐ. 25ஐத் தாண்டினால்தான் வெள்ளையருக்கு அதிக எடை, நமக்கு 23இலேயே. ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 தாண்டினால் எச்சரிக்கை. கை கால் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னே வந்த மீனவர் தன்னைக் குண்டு என்று நினைக்க மாட்டார். சுகர் அவரைத்தான் தேடி வருகிறது. சென்னையில் நடந்து 2006இல் வெளியான தடுப்பு ஆய்வில், நோயின் விளிம்பில் இருந்த 531 பேரில் உணவையும் நடையையும் திருத்தியவர்களுக்கு நோய் வரும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. வியப்பு என்னவென்றால் அவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை. எடைக்கல் நகராத போதும் தட்டும் நடையும் மாறினால் பலன் உண்டு என்பது நம் ஊர் ஆய்வே கொடுத்த ஆறுதல்.

2022இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வாளர்கள் ஒரு விகிதத்தையும் சொன்னார்கள். புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்டவர் அதிலிருந்து மீள, கலோரியில் மாவுச்சத்து 49 முதல் 54 சதவீதம், புரதம் 19 முதல் 20, கொழுப்பு 21 முதல் 26. நம் தட்டில் மாவுச்சத்து வழக்கமாக அறுபதைத் தாண்டி நிற்கிறது. 1500 கலோரி சாப்பிடுபவருக்கு இது எவ்வளவு வரும்? மாவுச்சத்து பாதி என்றால் ஏறக்குறைய 187 கிராம். அது 240 கிராம் அரிசியில் முடிந்துவிடும். பருப்பு, காய், பால், பழம் எல்லாவற்றின் மாவுச்சத்தும் இதற்குள்ளேயே அடங்க வேண்டும். ஆகவே அரிசி 240 கிராமில் பாதிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். புரதம் 75 கிராம். இருநூறு கிராம் மீன் அதில் 40 கிராம் கொடுக்கும். ஒரு முட்டை 6. மீதியைப் பயறும் மோரும் மல்லாட்டையும் கொடுக்க வேண்டும்.

வரகும் கவலை மீனும் இருந்த பழைய தட்டு இந்த விகிதத்துக்கு நெருங்கியது போலத் தோன்றும். உண்மையில் நெருங்கவில்லை. அதிலும் தானியமே மிகுதி, மீன் தொட்டுக்கொள்ளத்தான். அன்று உடலுழைப்பு சமன் செய்த கணக்கை இன்று தட்டுதான் சமன் செய்ய வேண்டியிருக்கிறது. ஆகவே பழையதற்குத் திரும்பு என்பது தீர்வல்ல. மீனைத் தட்டின் நடுவுக்குக் கொண்டுவந்து சோற்றை ஓரத்துக்குத் தள்ளுவது இந்தக் கரை இதுவரை கண்டிராத புதுப் பழக்கம். அதையும் கருவாட்டை வைத்துச் செய்தால் உப்பு ஏறிப் பிரஷர் கூடும். கீரையும் அவரையும் கொத்தவரையும் அன்றும் குப்பத்துத் தட்டில் குறைவு, இன்றும் குறைவு.

இலாப நட்டக் கணக்கை இப்படி எழுதலாம். பசி போனது, அதனோடு பசி போட்டு வைத்த வரம்பும் போனது. கட்டுமரத்தின் ஆபத்து போனது; அதன் உழைப்பும் போனது. நோயை அறியும் வசதி வந்தது, நோயும் வந்தது. இவற்றில் எதையும் பழையபடி மாற்றிக்கொள்ள யாரும் ஒப்ப மாட்டார்கள், ஒப்பவும் தேவையில்லை.

மாற்ற வேண்டியது விலை. அரிசி இலவசம், சாமையும் வரகும் கடையில் பொன்னியைவிட விலை கூட. ஏழையின் தானியமாக இருந்தது பொட்டலத்தில் ஏறி வசதியானவரின் தானியமாகிவிட்டது. 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் அட்டைக்கு இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள், நல்ல தொடக்கம். ஆனால் இந்த நோய் கேட்பது இன்னொரு தானியத்தைவிட அதிகமாகப் பயறும் முட்டையும் மீனும். சோற்றைக் குறைத்துக்கொள் என்று சொல்ல யாருக்கும் செலவில்லை. குறைத்த இடத்தை நிரப்பத்தான் காசு வேண்டும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. அப்போது மீன் விலை ஏறும், பிடித்தவர் விற்கவே பார்ப்பார், அவர் வீட்டுத் தட்டில் சோறு மறுபடி நடுவுக்கு வரும். பொம்மையார்பாளையத்தில் ஒருவர் உணவுமுறையைத் தேர்ந்தெடுப்பது பாதி அவர் மனத்தில் இருக்கிறது. மீதிப் பாதி ரேஷன் கடையின் பட்டியலிலும் கரையின் ஏலத்திலும் இருக்கிறது.